டியூபுக்குள் முறுக்கிய தகடு

சித்திரை வெயிலில் மில் கியர்பாக்ஸ் ஆயில் 68 டிகிரியில் போய் நின்றுகொண்டது. "தண்ணியைக் கூட்டு" என்றார் மேலதிகாரி. கூட்டினோம். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. கூலர் போதவில்லை, பெரிதாக வாங்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது.

நைட் ஷிஃப்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெட்டி எண்ணெயைப் பொதுவாக ஷெல் பக்கம், அதாவது டியூப்களைச் சுற்றியுள்ள கூட்டுக்குள் விடுவார்கள். எங்களுடையது வேறு வேலைக்கு வாங்கிச் சும்மா கிடந்த கூலர். எண்ணெய் டியூபுக்குள் ஓடியது. எண்ணெயின் கெட்டித்தன்மை 220 கிரேடு, டியூபின் உள்விட்டம் 21 மில்லிமீட்டர், வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். ஓட்டம் கலங்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 60 டிகிரியில் 200 சொச்சம்தான். ஓட்டம் கலங்க 2,300-ஆவது தாண்ட வேண்டும். தட்டில் கொட்டிய களி போலத்தான்: ஓரத்தைக் கிள்ளித் தின்னலாம், நடுவில் விரல் வைத்தால் கொப்பளம். சுவரை ஒட்டிய எண்ணெய் ஆறிக் கிடக்க, நடுவில் ஓடுவது சூடு குறையாமலே வெளியே போகிறது. வெளியே எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

நடுவை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். 19 மில்லிமீட்டர் அகல ஸ்டெயின்லெஸ் பட்டையின் ஒரு முனையை லேத் சக்கில் பிடித்து, மறுமுனையை இழுத்துக் கட்டி, கையாலேயே மெல்லச் சுற்றினோம். ஆறரை சென்டிமீட்டருக்கு ஓர் அரைத்திருப்பு. "தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே தம்பி, இப்பவே முறுக்கா?" என்றார் லேத் அண்ணன். புதுச் சரக்கும் இல்லை. பாய்லர் புகைக் குழாய்களில் இப்படிப் பட்டை செருகிப் பார்த்ததை விட்ஹாம் என்பவர் 1896-லேயே எழுதிவிட்டார்.

ஷட்டவுனில் டியூப்களுக்குள் மாட்டினோம். ஆயில் 61-க்கு வந்தது. கொஞ்ச நாள் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

மார்கழியில் ஒரு விடியற்காலை, நான்கு நாள் நின்றிருந்த மில்லை எடுத்தார்கள். பம்ப் ஓடுகிறது, அழுத்தம் மிஞ்சியதால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் டேங்குக்கே திரும்புகிறது, கியர்பாக்ஸுக்குப் போதவில்லை. மில் டிரிப் ஆகி நின்றுவிட்டது. கூலரைக் கடக்கையில் ஏற்படும் அழுத்த இழப்பை நான் 60 டிகிரிக்கு மட்டுமே பார்த்திருந்தேன். 25 டிகிரியில் அந்த எண்ணெய் ஐந்து மடங்குக்கும் மேல் கெட்டி. இந்த மாதிரி கலங்காத ஓட்டத்தில் இழப்பும் அதே அளவு ஏறும். பட்டை ஏற்கெனவே வழியை நெருக்கியிருந்தது. தப்பு என்னுடையதுதான். எண்ணெய் சூடேறும்வரை கூலரைத் தொடாமல் போக ஒரு பைபாஸ் லைன் போட்டோம்.

ஃபிட்டர்களுக்கு என்மேல் இன்னும் கோபம் உண்டு. முன்பு பிரஷை விட்டு இழுத்தால் சுத்தம். இப்போது 96 பட்டைகளையும் உருவி, டீசலில் ஊறப்போட்டு, திரும்பச் செருக வேண்டும்.

பக்கத்து செக்ஷன்காரர்கள் தங்கள் கூலருக்கும் பட்டை கேட்டார்கள். அங்கே டியூபில் ஓடுவது தண்ணீர், ரெனால்ட்ஸ் எண் 30,000-க்கு மேல். ஏற்கெனவே கலங்கித்தான் ஓடுகிறது. மூடியைக் கழற்றினால் டியூப் முழுக்க உப்புப் படிவம். முதலில் அதைச் சுரண்டுங்கள் என்றேன். "இதைச் சொல்ல எஞ்சினியர் எதுக்கு சார்?" என்றார் ஒருவர்.