போரிபந்தர்–தாணே ரயில்: 19.3 மிமீ பாதையில் வண்டி உருண்டது

மும்பை செம்பூர் வீட்டுப் பால்கனியில் போட்டிருக்கிற நாலடிப் பலகையில், 1853 ஏப்ரல் 16 அன்று மும்பை போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் போன இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலைச் சின்ன மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். 14 பெட்டி, சுமார் 400 பேர், இழுத்துப்போக சாகிப், சிந்து, சுல்தான் என்று மூன்று எஞ்சின். நான் எடுத்துக்கொண்டது 87-ல் ஒரு பங்கு அளவு. இந்த அளவில்கூட அந்த 34 கிலோமீட்டருக்கு 390 மீட்டர் நீளம் வேண்டியிருக்கும், அதனால் போரிபந்தரை விட்டுக் கிளம்புகிற ஒரு துண்டு மட்டும்தான்.

இதுவரை ஆறு பெட்டி முடிந்தது. நேரமெல்லாம் போனது தண்டவாளத்தில்தான்.

இந்த அளவுக்கு ரெடிமேடாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, 16.5 மிமீ. அது இங்கிலாந்து ரயில் முன்னோடி ஸ்டீஃபன்சன் வழிவந்த 1435 மிமீ பாதையை 87-ஆல் வகுத்து வந்த கணக்கு. நம் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மிமீ, வகுத்தால் 19.3. மூன்று மில்லிமீட்டர்கூட இல்லையே என்று முதலில் ரெடிமேட் தண்டவாளத்திலேயே பெட்டிகளை நிறுத்தினேன். நேர் எதிரே குனிந்து பார்த்தால் உடம்பு பெரிதாகவும் கால் ஒடுங்கியும் தெரிந்தது, மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

அப்புறம் லாமிங்டன் ரோட்டில் செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டு வாங்கி, ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடுகிற கட்டை) அளவுக்கு 62 துண்டுகளாக அறுத்து, அதன்மேல் தண்டவாளத்தை சால்டர் செய்தேன். இடைவெளி மாறாமல் இருக்க ஒரு பித்தளைத் துண்டை 19.3-க்கு அரத்தால் ராவி நடுவில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் செம்பை நடுவில் கீறிப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகிவிடும். கீறித்தான் இருந்தேன். ஆனாலும் மல்டிமீட்டரை வைத்தால், இரண்டும் ஒட்டியிருப்பதைச் சொல்கிற பீப் சத்தம் நிற்கவே இல்லை. இரண்டு ராத்திரி ஒவ்வொன்றாக லென்ஸ் வைத்துப் பார்த்ததில் 41-வது ஸ்லீப்பரின் கீறலுக்குள் முடி மாதிரி ஒரு செம்பு இழை மிச்சமிருந்தது. பிளேடு நுனியால் ஒரு சுரண்டல், சத்தம் நின்றது. சக்கரங்களையும் அச்சில் நகர்த்தி அகட்டிப் போட்டு ஒரு பெட்டியைத் தள்ளினேன், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடம் புரளாமல் போனது.

கீழ்வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, “மாமா, இப்ப ஓடுற ரயில் இதுல போகுமா?” என்றான். போகும்டா என்றேன். 1925 பிப்ரவரி 3 அன்று நாட்டின் முதல் மின்சார ரயில், போரிபந்தர் இருந்த இடத்தில் எழுந்த விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதையில் குர்லாவுக்கு 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. நீராவி போய் மின்சாரம் வந்தது, பாதையின் அகலம் அதே 1676. இன்றைக்கு நாங்கள் ஏறுகிற லோக்கலுக்கும் அதுதான்.

அவன் கேட்டதிலிருந்து பலகையின் ஓரத்தில் இன்னொரு பாதை போட ஆரம்பித்திருக்கிறேன், 1925 ரயிலுக்கு. அதே பித்தளைத் துண்டுதான் அளவு. மின்கம்பங்களுக்கு 1 மிமீ பித்தளைக் கம்பி வாங்கி வைத்தாயிற்று, மீதி எட்டுப் பெட்டிக்கு இன்னும் அட்டை வெட்டவில்லை.