ஃபெட்ச் போதுமா, ஆக்ஸியோஸ் வேண்டுமா?

புது ப்ராஜெக்ட் என்றதும் சர்வரோடு டேட்டா பரிமாற, யோசிக்காமல் ஆக்ஸியோஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பிரவுசரிலேயே இருக்கும் ஃபெட்ச் ஃபங்ஷன் பெரும்பாலான வேலைக்குப் போதும், அதன் குணம் தெரிந்திருந்தால்.

பலரும் தடுமாறுவது பிழைகளில்தான். சர்வர் 404, 500 என்று எந்த எர்ரர் கோடை அனுப்பினாலும் ஃபெட்ச்சின் பிராமிஸ் (பின்னர் வரும் பதிலுக்கான ஆப்ஜெக்ட்) ரிஜெக்ட் ஆகாது, அதாவது தோல்வியாகக் கருதப்படாது. நெட்வொர்க் அறுந்தாலோ, கார்ஸ் (வேறு தளத்துக்குப் போகும் ரிக்வெஸ்ட்டுக்கான பிரவுசர் விதி) தடுத்தாலோ, ரிக்வெஸ்ட் பாதியில் வெட்டப்பட்டாலோதான் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்கு வரும். ஆகவே பதிலில் வரும் ஜேசான் வடிவ டேட்டாவைப் பிரிக்கும் முன் ரெஸ்பான்ஸில் ‘ஓகே’ என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஸ்டேட்டஸ் 200 முதல் 299 வரை இருந்தால்தான் அது ட்ரூ. இல்லையென்றால் நாமே எர்ரரை த்ரோ செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால், சர்வர் ஹெச்டிஎம்எல்லில் எர்ரர் பக்கம் அனுப்பும்போது ஜேசான் பார்ஸ் எர்ரர் வந்து நிற்கும், உண்மையான காரணம் மறைந்துவிடும். ஆக்ஸியோஸ் இந்த ரிஜெக்டைத் தானே செய்துவிடும்.

ஆனால் டைம்அவுட் (பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது) விஷயத்தில் ஆக்ஸியோஸையும் நம்ப முடியாது. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. ஃபெட்ச்சில், ரிக்வெஸ்ட்டை நிறுத்தச் சொல்லும் அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டுக்கு 8000 (மில்லிநொடி) கொடுத்தால் 8 நொடியில் வெட்டிவிடும்.

ஃபைல் அப்லோடு வேறு கதை. ஃபைலை ஃபார்ம்டேட்டா ஆப்ஜெக்ட்டில் வைத்து அனுப்பும்போது கன்டென்ட்-டைப் ஹெடரைக் கையால் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரித்துக்காட்டும் பவுண்டரி அடையாளம் விடுபட்டு சர்வர் திணறும். எத்தனை சதவீதம் ஏறியது என்று காட்ட வேண்டுமா? ஃபெட்ச்சுக்கு முன்பிருந்தே பிரவுசரில் உள்ள பழைய எக்ஸ்ஹெச்ஆர்தான் (எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்) கைகொடுக்கும். பிரவுசரில் ஆக்ஸியோஸ் இயல்பாக உள்ளே பயன்படுத்துவதும் அதைத்தான். அப்லோடு அதிகமுள்ள ஆப் என்றால் நான் ஆக்ஸியோஸ் பக்கம்.