எட்டு இருபதில் நின்ற ஒமேகா

ஏலப் பட்டியலில் இரண்டு ஒமேகா சீமாஸ்டர் கைக்கடிகாரங்கள் அடுத்தடுத்த லாட்டாக, அதாவது தனித்தனி ஏலப் பொருளாக, வந்திருந்தன. இரண்டுமே 1950களைச் சேர்ந்தவை என்று போட்டிருந்தார்கள். முதல் கடிகாரத்தின் டயல் நேற்றுதான் அச்சடித்ததுபோல வெள்ளியாய் மின்னியது. இரண்டாவதில் ஓரமெல்லாம் மங்கி, இரண்டு மணிக்குப் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. என் மனம் முதலாவதன் மேல்தான் விழுந்தது. மூன்று நாள் அதன் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்ததுதான் நல்லதாகப் போயிற்று.

முதலில் உறுத்தியது எழுத்து. தொழிற்சாலை அச்சில் கோடுகள் மெல்லியதாக, விளிம்பு வெட்டினாற்போல இருக்கும். இதில் 'சீமாஸ்டர்' என்ற சாய்வெழுத்தின் வளைவுகளில் மை தேங்கித் தடித்திருந்தது. நிமிடக் கோடுகளும் மணிக்குறிகளின் நடுவுக்கு நேராக வரவில்லை, இரண்டு இடங்களில் ஒரு மயிரிழை விலகியிருந்தன.

அடுத்து ஆறு மணிக்குக் கீழே பார்த்தேன். 'ஸ்விஸ் மேட்' என்ற பொடி எழுத்தின் இருபுறமும் ஒவ்வொரு 'டி'. டிரிடியம் பூச்சுக்கான அடையாளம் அது. இருட்டில் ஒளிர்வதற்காக முன்பெல்லாம் கதிரியக்கமுள்ள ரேடியம் பூசினார்கள். 1960களில்தான் அந்த இடத்துக்கு டிரிடியம் வந்தது, 'டி' எழுத்தும் அதோடு வந்ததுதான். பட்டியலில் இயந்திரத்தின் படமும் இருந்தது. அதில் பொறித்திருந்த எண் ஒன்றரைக் கோடியைச் சற்றுத் தாண்டியது. ஒமேகாவின் எண்வரிசையில் அது 1950களின் பிற்பாதி. இயந்திரம் ஒரு காலம் சொல்கிறது, டயல் வேறொரு காலம் சொல்கிறது. பின்னாளில் டயலையே மாற்றியிருக்க வேண்டும், அல்லது சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசி அச்சடித்திருக்க வேண்டும். பழுதுபார்க்கும்போது டயல் மாற்றுவது குற்றமில்லை. அதைச் சொல்லாமல், கைபடாத டயலுக்குரிய மதிப்பைப் போட்டிருந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஏல நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். பொருளின் நிலையைச் சொல்லும் நிலை அறிக்கையில் இருப்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, வாங்குபவரே பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. 'டயல் மிக நல்ல நிலையில்' என்று அறிக்கையில் இருந்தது உண்மை. 'அசல்' என்ற சொல் எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து எந்த அறிக்கையைப் படித்தாலும் அதில் எழுதாமல் விட்டது எது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இந்த விஷயத்தில் பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில், கறுப்பு டயல் பழுப்பாகிப்போன ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. அதை வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகத்துக்காக. பல இடத்து உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய கடிகாரம் அது என்று 2023இல் தெரியவந்தது. நிறத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்று எனக்கு உறைத்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

பிறகு இரண்டாவது லாட்டுக்குத் திரும்பினேன். இரண்டு உதவி கேட்டேன்: பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு கோணங்களில் படம், முட்களை நகர்த்திவைத்து இன்னொரு படம். பட்டியல் படத்தில் முட்கள் எட்டு இருபதில் நின்றிருந்தன, அவற்றுக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. இரு கோணங்கள் எதற்கென்றால், கீறல் கண்ணாடியில் இருந்தால் கோணம் மாறும்போது டயலின் மேல் இடம் நகரும்; டயலில் இருந்தால் அசையாது. அந்தக் கடிகாரத்தில் நான் பயந்த நீளக் கீறல் நகர்ந்தது. கண்ணாடிக் கீறலைத் தேய்த்தே போக்கிவிடலாம். பழுப்புப் புள்ளிகள் அசையவில்லை.

முட்களை நகர்த்திய படத்தில்தான் மூச்சு நின்றது. டயலில் மங்கலான இரண்டு நிழல்கள். ஒன்று எட்டைத் தாண்டி, குட்டையாக. இன்னொன்று நான்கை நோக்கி, நீளமாக. முட்களின் நடுவில் பூசிய ரேடியம், கடிகாரம் நின்றுபோய்க் கிடந்த காலமெல்லாம் தனக்குக் கீழே இருந்த பூச்சைச் சுட்டிருந்தது. நிழலின் அகலமும் முட்களின் பூச்சு அகலமும் ஒன்றாக இருந்தன. அந்த முட்களும் அந்த டயலும் வருடக்கணக்கில் ஒன்றாகவே இருந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஏலம் சட்டென்று முடிந்தது. சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலத்தில் கேட்டு முடிந்த விலைக்கு, மேல் நூற்றுக்கு 25 கமிஷன் என்பதால், அதைச் சேர்த்த தொகையையே என் வரம்பாகத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதற்குள் அடங்கியது. முதல் லாட் அதைப்போல் இரண்டு மடங்குக்குப் போனது.

கையில் வந்ததும் இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். பூச்சு லேசாகத் தெரிந்து, டார்ச்சை அணைத்ததும் இருண்டது. புதிதாகப் பூசியிருந்தால் நெடுநேரம் ஒளிர்ந்திருக்கும். ஆனால் ஒளி போனதால் ரேடியம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ரேடியத்தோடு கலந்து பூசிய, ஒளிரும் துத்தநாக சல்பைடுதான் தேய்ந்துபோகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். உதிரும் துகளை மூச்சில் இழுப்பது ஆபத்து. அதனால் பின்மூடியை நான் தொடவில்லை, ரேடியம் கையாளத் தெரிந்த கடிகாரக்காரரிடம் கொடுத்தேன்.

இயந்திரத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டார், கண்ணாடியைத் தேய்த்தார். டயலைத் துடைக்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். திரும்ப வாங்கியபோது, சாவி கொடுப்பதற்கு முன்னால் முட்களை எட்டு இருபதுக்குத் திருப்பிவைத்தேன். நீள முள் தன் நிழலின் மேல் போய்ப் படிந்தது. குட்டை முள்ளும் அப்படியே. நிழல்கள் இரண்டும் மறைந்துவிட்டன.