விகாரைக்குள் சட்டையைக் கழற்ற வேண்டாம்: இலங்கை போகும் குமரிக்காரர்களுக்கு

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. தென்னை, பலா, ஆப்பம், சிவப்பரிசிச் சோறு எல்லாம் நாகர்கோவில் மாதிரியே இருக்கும். அதனாலேயே கோயில் வழக்கமும் நம்ம ஊர் வழக்கம்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

சுசீந்திரத்திலும் திருவட்டாறிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகிறோம். விகாரையில், அதாவது புத்தர் கோயிலில், அது மரியாதைக் குறைவு. ஆணோ பெண்ணோ, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி சட்டை, சேலை தாராளமாகப் போதும். வெள்ளையாக இருந்தால் ரொம்ப நல்லது. அதே பயணத்தில் யாழ்ப்பாணம் போய் நல்லூர் கந்தனைக் கும்பிடுவதானால், அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றியே ஆகவேண்டும்.

செருப்போடு தொப்பியையும் எடுத்துவிட வேண்டும். அனுராதபுரத்தில் ருவன்வெலிசாய என்ற பெரிய தூபியின் முற்றம் கல் பாவியது. உச்சி வெயிலில் பாதம் பொரிந்துவிடும், பிள்ளைகளால் நிற்கவே முடியாது. காலை எட்டு மணிக்குள் போங்கள், அல்லது நாலு மணிக்குப் பிறகு.

பூ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோவாளைச் சந்தையைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சாமிக்குப் பூ என்றால் தொடுத்த மாலை. அங்கே பெரும்பாலும் தொடுப்பதில்லை. தாமரையும் நீல அல்லியும் மொட்டாக வரும். வெளியிதழ்களை ஒவ்வொன்றாக மடித்து விரிப்பார்கள். ‘அரலிய’ என்று கேட்டால் நம்ம அரளி கிடைக்காது. வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக இருக்கும் ஈழத்தலரிதான் வரும். பூவை முகராமல், தண்ணீர் தெளித்து, இரண்டு கையாலும் ஏந்திப் பீடத்தில் வைக்க வேண்டும். இந்தப் பூ வாடுவதுபோல என் உடலும் வாடும் என்பதே அப்போது சொல்லும் பாலிப் பாட்டின் பொருள். அதனால் வைத்த பூவைப் பிரசாதமாகத் திரும்பக் கேட்கக் கூடாது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் கண்டி தலதா மாளிகையில் பூஜை நேரம் காலை 5.30, 9.30, மாலை 6.30.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள், செல்ஃபியும் வேண்டாம். பக்கவாட்டில் நின்றுகொள்ளலாம். புத்தர் உருவம் போட்ட பனியன், பச்சைகுத்தல் எதுவும் கூடாது. கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டன் பெண்ணை 2014-ல் நாட்டைவிட்டே அனுப்பினார்கள்.

பேருந்தில் முன் இருக்கை பிக்குகளுக்கு, அதாவது புத்தத் துறவிகளுக்கு உரியது. அவர்கள் ஏறினால் எழுந்து இடம் விடுங்கள். பெண்கள் அவர்களைத் தொடக் கூடாது. அன்னதானம் கொடுக்க ஆசைப்பட்டால் பகல் பதினொன்றரைக்குள் கொண்டுபோய்விடுங்கள். உச்சிக்குப் பிறகு பிக்குகள் சாப்பிடுவதில்லை, தேநீரோ பழச்சாறோதான்.

தேதி குறிக்கும் முன்னே பஞ்சாங்கம் பாருங்கள். நமக்குச் சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரி முனையில் கூட்டம். அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ என்ற அரசு விடுமுறை. மது விற்க மாட்டார்கள், இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். புத்த மதம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் பொசன் போயா ஜூன் வாக்கில் வரும். அப்போது மிகிந்தலையிலும் அனுராதபுரத்திலும் அறை கிடைப்பது கஷ்டம். மே மாதம் பெரும்பாலும் புத்தர் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் வரும். தெருவெல்லாம் காகித விளக்குக் கூடு தொங்கும். ‘தன்சல்’ பந்தலில் சோறோ கடலையோ பானமோ இலவசமாகக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரர் என்று கூச்சப்படாமல் வரிசையில் நில்லுங்கள்.