கோத்தகிரிச் சரிவில் எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்: வெளிச்சத்தை அளப்பதிலிருந்து படங்களை இணைப்பது வரை

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையை ஒட்டிய ஒரு தேயிலைச் சரிவு. ஜனவரி மாதம், காலை ஏழு மணி. சமவெளிக்கு மேலே வானம் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. எதிரே ஒரு மேடு மறைப்பதால் காலடியில் உள்ள செடிகள் இன்னும் நிழலில்தான். வானத்துக்கு எக்ஸ்போஷர் (சென்சாரில் விழவிடும் வெளிச்சத்தின் அளவு) வைத்தால் தேயிலை கரியாகிறது, தேயிலைக்கு வைத்தால் வானம் வெள்ளைத் தாளாகிறது. பிராக்கெட்டிங் இந்த மாதிரி இடத்துக்கானது. ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுவாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுத்து, பிறகு கணினியில் சேர்ப்பது. கேமராவில் இதைச் செட் செய்ய ஒரு நிமிடம் போதும். படம் தேறுவதும் தேறாததும் அந்த நிமிடத்துக்கு முன்னும் பின்னும் செய்கிற வேலைகளில் இருக்கிறது.

முதலில் பிராக்கெட்டிங் தேவையா என்று பார்த்துவிட வேண்டும். ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) ஒரே ஒரு ஷாட் எடுத்து, இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்தோம். வலது ஓரத்தில் வரைபடம் சுவரில் மோதி நிற்கிறது. இடது ஓரத்திலும் அதே கதை. வெளுத்துப்போன இடத்தைக் காட்டும் ஹைலைட் அலர்ட் வானத்தில் மினுக்குகிறது. இரண்டு முனையும் இடிபட்டால்தான் பிராக்கெட்டிங். ஒரு முனை மட்டும் இடிபட்டால் ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி ஒரே படத்தில் முடித்துவிடலாம். இப்போதைய சென்சார்களில், வானம் வெளுக்காமல் பார்த்துக்கொண்டால், நிழலை ராவிலிருந்தே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) வரை சிரமமில்லாமல் ஏற்ற முடிகிறது.

அடுத்தது அளவு. நடு ஷாட்டின் எக்ஸ்போஷரை எங்கே வைப்பது என்பதைக் கேமராவிடம் விடாமல் நாமே அளந்துகொள்வது நல்லது. அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100. கேமரா வெளிச்சத்தை அளக்கும் முறையான மீட்டரிங்கை, ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கு மாற்ற வேண்டும். ஸ்பாட் இல்லாத ஆரம்பநிலை கேனன்களில் சற்றுப் பெரிய வட்டத்தை அளக்கும் பார்ஷியல் இருக்கும், அதுவும் போதும். சூரியனைத் தவிர்த்து, அதன் பக்கத்தில் உள்ள பிரகாசமான மேகத்தைப் பார்த்தால் ஷட்டர் வேகம் 1/2000 விநாடி என்று காட்டியது. நிழலில் இருக்கும் தேயிலை இலைக்கு 1/15. இரண்டுக்கும் நடுவே எண்ணினால் 15, 30, 60, 125, 250, 500, 1000, 2000 என்று ஏழு ஸ்டாப் இடைவெளி.

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் எண் சொல்கிறது. மேகம் சாம்பலாக இருக்க வேண்டியதில்லை, அதைவிட இரண்டு ஸ்டாப் வெளிச்சமாக இருந்தால்தான் மேகம் மாதிரி இருக்கும். ஆகவே இருண்ட ஷாட்டுக்கு 1/500. அதேபோல் நிழல் இலை நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் இருட்டாக இருக்கட்டும். வெளிச்சமான ஷாட்டுக்கு 1/30. இரண்டுக்கும் நடுவில் 1/125. ஆக, 1/125-ஐ மையமாக வைத்துப் பிளஸ் மைனஸ் இரண்டு ஸ்டாப், மூன்று ஷாட். கேனன் 1500டி மாதிரியான கேமராக்கள் தரும் அதிகபட்ச அகலமும் இதுதான். இந்தக் கணக்கு இல்லாமல் கேமரா சொன்ன இடத்தில் மையத்தை வைத்தால், பெரும்பாலும் மூன்றில் இரண்டு படம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். அதைக் கணினியில் சரிசெய்ய வழி கிடையாது.

இனி மெனு. கேனனில் மோட் டயலை எம்மில் (மேனுவல்) வைத்து, எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100 கொடுத்துவிட்டு, ஷூட்டிங் மெனுவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனும் (வெளிச்சத்தை மொத்தமாகக் கூட்டுவது, குறைப்பது) ஏஇபியும் (தானியங்கி பிராக்கெட்டிங்) சேர்ந்திருக்கும் வரிக்குப் போகவும். மேல் டயலைத் திருப்பினால் நடுவில் இருந்த ஒற்றைக் கோடு மூன்றாகப் பிரிந்து விரியும். மைனஸ் இரண்டும் பிளஸ் இரண்டும் தொடும் வரை திருப்பிவிட்டுச் செட் பட்டனை அழுத்த வேண்டும். செட் அழுத்தாமல் வெளியே வந்தால் எதுவும் பதியாது. மூன்றும் ஒரே மாதிரி வந்திருக்கிறதே என்று பிறகு குழம்புவதற்கு முக்கியக் காரணம் இது. ஏவி மோடில் (அபெர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா வைப்பது) இதே திரையில் இடது வலது பட்டனை அழுத்தினால் மூன்று கோடுகளும் சேர்ந்து நகரும். அது காம்பன்சேஷன், அகலம் அல்ல. ஆட்டோ, சீன் மோடுகளில் இந்த வரியே தெரியாது. ஃபிளாஷ் எழும்பி நின்றாலும் ஏஇபி ரத்தாகிவிடும்.

நிக்கானில் பிகேடி (பிராக்கெட்) என்று எழுதிய பட்டன் உள்ள கேமரா உடல்களில், அதைப் பிடித்துக்கொண்டு பின் டயலைத் திருப்பினால் ஷாட்டுகளின் எண்ணிக்கை, முன் டயலைத் திருப்பினால் இடைவெளி. டி3500-ல் பிராக்கெட்டிங் வசதி இல்லை. அதில் எம் மோடில் கையாலேயே செய்யலாம்: டயலின் ஒரு கிளிக் மூன்றில் ஒரு ஸ்டாப் என்பதால், ஆறு கிளிக் இரண்டு ஸ்டாப். கேமராவைத் தொடும்போது ஆடாமல் பார்த்துக்கொண்டால் விளைவில் வித்தியாசம் கிடையாது. சோனியில் பிராக்கெட்டிங் என்பது டிரைவ் மோடுக்குள் (ஒற்றை ஷாட்டா, தொடரா, டைமரா என்று தேர்ந்தெடுக்கும் இடம்) இருக்கிறது. அதனால் செல்ஃப் டைமரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. மெனுவில் பிராக்கெட் செட்டிங்ஸ் என்ற இடத்துக்குள் போய் இரண்டு விநாடி என்று வைக்க வேண்டும். சோனி வைத்திருக்கும் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை.

எதை மாறவிடுவது, எதைப் பூட்டி வைப்பது என்பதுதான் இந்த வேலையின் உயிர். மாற வேண்டியது ஷட்டர் மட்டும். ஷட்டர் பிரயாரிட்டியில் (ஷட்டரை நாம் வைக்கும் மோட்) பிராக்கெட் செய்தால் அபெர்ச்சர் மாறும். முன்னால் இருக்கும் இலை ஒரு படத்தில் கூர்மையாகவும் இன்னொன்றில் மங்கியும் வரும், இணைத்தால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். எம் மோடில் ஐஎஸ்ஓ ஆட்டோவில் கிடந்தால், சோனி போன்றவற்றில் ஷட்டருக்குப் பதில் ஐஎஸ்ஓ மாறும். எனவே ஐஎஸ்ஓவுக்கு நிலையான எண். ஏவியிலும் எடுக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு ஷாட்டாக அழுத்தும்போது நடுவில் ஒரு மேகம் சூரியனை மறைத்தால், மீட்டர் புதிதாக அளந்து மையத்தையே மாற்றிவிடும். மலையில் மேகம் யாருக்கும் காத்திருப்பதில்லை, எம் மோடுதான் நிம்மதி.

ஃபோகஸை ஒரு முறை பிடித்துவிட்டு லென்ஸின் சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சம் மாற மாற லென்ஸ் முன்னும் பின்னும் தேடும். வொயிட் பேலன்ஸ் டேலைட்டில். கேனனில் நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் ஆஃப். நிக்கானில் இதே வேலையைச் செய்வது ஆக்டிவ் டி-லைட்டிங், சோனியில் டிஆர்ஓ. இருட்டாக எடுக்கச் சொன்ன ஜேபெக்கை இவை கொஞ்சம் வெளிச்சமாக்கிவிடும், அதனால் ஹிஸ்டோகிராமும் நம்மை ஏமாற்றும். படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஆஃப்: ஒரு விநாடியைத் தாண்டினால், எடுத்த நேரத்துக்குச் சமமான நேரம் கேமரா இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும், அதற்குள் மேகம் ஒரு முழம் நகர்ந்திருக்கும். ட்ரைபாடில் லென்ஸின் ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடலாம்.

தேயிலைத் தோட்ட மண் மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பொதபொத என்றிருக்கும். ட்ரைபாடை வைத்ததும் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக அழுத்தி ஊன்ற வேண்டும். முதல் ஷாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு கால் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் படத்தில் தெரியும். சரிவில் இரண்டு கால் பள்ளப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுவதானால் பையின் அடிப்பகுதி தரையைத் தொட வேண்டும். காற்றில் ஊசலாடும் பை, பையே இல்லாததைவிட மோசம்.

டிரைவ் மோடை இரண்டு விநாடி டைமரில் வைத்தால், கேனனில் ஒரே அழுத்தலில் மூன்றும் வரிசையாக விழும். தொடர் ஷூட்டிங் வைத்து ரிமோட்டை அழுத்திப் பிடித்தாலும் மூன்றோடு தானாக நிற்கும். சிங்கிளில் மூன்று முறை அழுத்த வேண்டும். இரண்டோடு மறந்துவிட்டால் அடுத்த காட்சியின் முதல் ஷாட் முந்தைய செட்டின் மூன்றாவதாகிவிடும். டிஎஸ்எல்ஆரில் இன்னொரு விஷயம்: ஏவியில் கண்ணை எடுத்துவிட்டு ரிமோட்டில் எடுத்தால், வ்யூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்து வெளிச்சம் புகுந்து மீட்டரைக் கெடுக்கும், படம் இருட்டாக வரும். கேனன் கழுத்துப் பட்டையிலேயே கோத்து வரும் சின்ன ரப்பர் மூடி அந்தத் துளையை அடைக்கத்தான்.

முதல் செட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது தேயிலை கூர்மை, வானம் கூர்மை, ஆனால் நடுவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் உச்சி மட்டும் கலங்கல். நீலகிரியின் தேயிலைக்கு நிழல் தருவது பெரும்பாலும் இந்த மரம்தான். இலை சீப்புப் பல் மாதிரி மெல்லியது, லேசான காற்றுக்கே ஆடும். 1/500-ல் உறைந்து நின்ற இலை 1/30-ல் இழுபட்டிருக்கிறது. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் மூன்று ஷாட்டும் இரண்டு ஸ்டாப் வேகமாகும்: 1/2000, 1/500, 1/125. 1/125-ல் இலை ஓரளவு நிற்கிறது. ஐஎஸ்ஓ 400-ன் நாய்ஸ் இணைத்த படத்தில் தெரியாது, ஏனென்றால் நிழல் பகுதியின் விவரம் வெளிச்சமான ஷாட்டிலிருந்து வருகிறது. ஐஎஸ்ஓ 100-ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் இங்கே லாபமே இல்லை. இலை பறிப்பவர்கள் படத்தில் இருந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் தெளிவாக விழுந்த ஒரு ஷாட்டை மட்டும் அந்த இடத்துக்குப் பயன்படுத்துவதே சரி. மூன்றையும் கலந்தால் ஒருவருக்கு மூன்று கை வரும்.

எட்டரைக்கு மேல் பள்ளத்திலிருந்து மஞ்சு (மூடுபனி) ஏறி வந்தது. முழு மூட்டத்தில் பிராக்கெட்டிங் வீண். எல்லாமே சாம்பல், ஹிஸ்டோகிராம் நடுவில் ஒரு சின்னக் குன்று மாதிரி குவிந்திருக்கும், இரண்டு ஓரமும் காலி. ஆனால் அந்தக் குன்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. மீட்டர் வெள்ளை மூட்டத்தைச் சாம்பலாக்கி அழுக்காகக் காட்டும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் கூட்டி ஒரே ஷாட் எடுத்தால் மூட்டம் வெள்ளையாக வரும். ஆட்டோ ஃபோகஸ் அங்கே பிடிக்காது, பக்கத்தில் உள்ள மரத்தின் கருமையான தண்டில் பிடித்து எம்எஃப்புக்கு மாற்றலாம். மூட்டம் கிழிந்து வெயில் ஒரு கற்றையாக விழும் சில நொடிகளில்தான் மறுபடி பிராக்கெட் வேண்டும். ஆகவே மூட்டத்துக்குள்ளும் ஏஇபியை ரத்துசெய்யாமல், ஆனால் மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வோம் என்று தெரிந்தே காத்திருப்பது என் வழக்கம்.

அறைக்குள் கணக்கு வேறு. பழைய ஓட்டு வீட்டின் உள்ளே, ஜன்னல் வழியே வெயிலடிக்கும் மலையும் தெரிய வேண்டும், மரப் பலகைத் தரையும் தெரிய வேண்டும் என்றால் மூன்று ஷாட் போதாது. மூன்றுக்கு மேல் தராத கேமராவில் இரண்டு செட் எடுக்கலாம். மையத்தை 1/60-ல் வைத்து ஒரு செட்: 1/250, 1/60, 1/15. பிறகு மையத்தை 1/4-க்கு நகர்த்தி இன்னொரு செட்: 1/15, 1/4, 1 விநாடி. 1/15 இரண்டு முறை வருகிறது, ஒன்றை விட்டுவிட்டால் இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து ஷாட். மரத்தரையில் யாரும் நடக்கக் கூடாது. பலகை அதிர்வு ஒரு விநாடி ஷாட்டில் அப்படியே பதியும்.

விடியலில் திறந்த வெளியில் நிற்கும் லென்ஸின் முகத்தில் பனி இறங்கும். அது முதலில் துளியாகத் தெரியாது. சாய்த்துப் பார்த்தால் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். திரையில் அழகான மென்மை போலத் தோன்றி ஏமாற்றும். ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் லென்ஸை டார்ச்சில் பார்த்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஹூட் போட்டிருந்தால் பனி இறங்குவது தாமதமாகும். குளிர்ந்த கேமராவோடு அடுப்பெரியும் அறைக்குள் நுழைவதானால், வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்கக் கூடாது. ஊட்டிப் பக்கம் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி விழும் நாட்களில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

ஒவ்வொரு செட் முடிந்ததும் லென்ஸ் முன் கையை நீட்டி ஒரு ஷாட் எடுத்துவிட்டால், பிறகு நூற்றுக்கணக்கான படங்களில் எது எந்தச் செட் என்று தேட வேண்டாம். கேனனின் ஆரம்பநிலை உடல்களில் சுவிட்சை அணைத்ததும் ஏஇபி போய்விடும். இடம் மாறி வந்தால் மறுபடி செட் செய்ய வேண்டும். நிக்கானில் நேர் எதிர். எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுவரும் வரை அணைத்தாலும் இருக்கும், மாலையில் எடுக்கும் குடும்பப் படத்தில் மூன்றில் ஒன்று இருட்டாகவும் ஒன்று வெளுத்தும் வரும்.

இணைப்பதற்கு லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் தேர்ந்தெடுத்து ஃபோட்டோ மெர்ஜில் எச்டிஆர் (இருட்டும் வெளிச்சமும் சேர்ந்து தெரியும் படம்). படங்களை நேர்படுத்தும் ஆட்டோ அலைனை டிக் செய்யலாம்; அசைந்தவற்றின் இரட்டை உருவத்தை நீக்கும் டீகோஸ்ட்டை முதலில் ‘நன்’ (வேண்டாம்) என்று வைத்துப் பார்த்து, சில்வர் ஓக் உச்சியில் இரட்டை இலை தெரிந்தால் மட்டும் லோ. அதை அதிகமாக்கினால் அந்தப் பகுதிக்கு ஒரே ஷாட்டைத்தான் எடுத்துக்கொள்ளும், நாய்ஸ் திட்டுத்திட்டாகத் தெரியும். இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிள் மென்பொருளில் எச்டிஆர் உருவாக்கும் பட்டன் இருக்கிறது. அது ரா கோப்புகளை மட்டும் ஏற்கும், படங்களை நேர்படுத்தித் தராது. ட்ரைபாடில் அசையாமல் எடுத்தவைதான் அதில் தேறும். கையில் பிடித்து எடுத்திருந்தால், ஹ்யூஜின் என்ற மென்பொருளோடு வரும் அடுக்கு நேர்படுத்தும் கருவியில் முதலில் நேர்படுத்திவிட்டு, படங்களைக் கலக்கும் என்ஃபியூஸில் கலக்கலாம்.

கலந்து வந்த படத்தில் நிழலை ஏற்றும் ஷேடோஸை நூறுக்குத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. உடனே மரங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் வரும், வானத்தைவிடத் தேயிலை பளிச்சென்றாகும். காலை ஏழு மணிக்கு அந்தச் சரிவில் நின்று பார்த்தபோது தேயிலை இருட்டுப் பச்சை, வானம்தான் வெளிச்சம். ஷேடோஸ் முப்பது நாற்பதில் நிறுத்தி, ஹைலைட்ஸை இறக்கி, செடிகளின் வரிசைகளுக்கு நடுவே ஓடும் நடைபாதை கண்ணுக்குத் தெரியும் அளவில் விட்டேன்.