மணப்பாட்டில் பங்கு பிரிக்கும் கணக்கு

திருச்செந்தூர் வரைக்கும் போகிறவர்களில் பாதிப் பேர் முருகனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே, குலசேகரன்பட்டினத்தைத் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு மணல் குன்று, அதன் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், பக்கத்திலேயே கலங்கரை விளக்கம், இந்தப் பக்கம் கருமேனியாறு கடலில் சேரும் முகத்துவாரம். ஊருக்குள் போனால் கொழும்பில் வியாபாரம் செய்து பணம் பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் கட்டிய பெரிய பெரிய வீடுகள். வருகிறவர்கள் குன்றில் ஏறி, 1542இல் சவேரியார் வந்து தங்கிய குகையைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் காலையில் படகுகள் கரையேறும் நேரத்தில் கடற்கரையில் நிற்க வேண்டும். நான் அதற்காகவே போனேன், மீனைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் மனதில் நின்றது அவர்கள் பங்கு பிரிக்கும் விதம்.

கட்டுமரம் இப்போது அபூர்வம். கண்ணுக்குப் படுவதெல்லாம் ஃபைபர் படகு, பின்னால் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளோடு இந்தக் கடற்கரை முழுக்கவே ஃபைபருக்கு மாறிவிட்டது. படகு கரையைத் தொட்டதும் நிற்கிற ஆட்கள் எல்லோரும் கை கொடுத்து இழுக்கிறார்கள், யார் படகு என்று பார்ப்பதில்லை. நான் பார்த்த படகில் சாளை. வலையை மீனோடு சேர்த்து மணலில் இறக்கி, இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். சாளை வலைக்கண்ணில் தலையை விட்டு செவுளில் மாட்டிக்கொள்ளும், பின்னால் இழுத்தால் மீன் கிழியும், வலையும் அறும். கட்டைவிரலால் செவுளை அழுத்தி மீனை முன்பக்கமாகத் தள்ளி எடுக்கிறார்கள். பேசிக்கொண்டே, வலையைப் பார்க்காமலே. செதில் ஒட்டி முழங்கை வரை வெள்ளியாக மின்னுகிறது. ஓரிடத்தில் வலை பெரிதாகக் கிழிந்திருந்தது, ஓங்கில் வந்து மீனைப் பிடுங்கியதில் கிழிந்தது என்றார்கள். டால்பினைத்தான் அங்கே ஓங்கில் என்பார்கள். அதன் மேல் யாருக்கும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, அதுவும் சாப்பிட வேண்டுமே என்றார் ஒருவர்.

அப்புறம் ஏலம். குவியலைச் சுற்றி வியாபாரிகள் நிற்க, ஏலம் விடுகிறவர் விலையை மூச்சுவிடாமல் ஏற்றிக்கொண்டே போகிறார், யார் தலையாட்டினார்கள் என்று நமக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. பணத்துக்கு வரும்போதுதான் விஷயமே. விற்ற பணத்தில் முதலில் எண்ணெய்ச் செலவு, ஐஸ், சாப்பாடு எல்லாம் கழியும். மீதியில் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு. அதற்குப் பிறகு இருப்பது கடலுக்குப் போன ஆட்களுக்குச் சரி பங்கு. ஊருக்கு ஊர், வலைக்கு வலை இந்தக் கணக்கு மாறும், ஆனால் கூலி என்று ஒன்று கிடையாது. படகுச் சொந்தக்காரரும் கடலுக்குப் போனால், படகுப் பங்கோடு ஆளுக்குரிய ஒரு பங்கைத்தான் சேர்த்து வாங்குவார். மீன் பட்டால் எல்லோருக்கும் பட்டது, படாவிட்டால் எண்ணெய்க் கடன் மட்டும் மிச்சம்.

அதோடு நிற்பதில்லை. ஏலத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் வீட்டுக் கறிக்கு மீன் எடுத்துக்கொள்கிறார்கள். படகை இழுக்கக் கை கொடுத்தவருக்கு நாலு மீன். கூடையோடு ஒதுங்கி நின்ற ஒரு வயதான அம்மாவுக்கு ஒருவர் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார், அவர் கேட்கவும் இல்லை, இவர் நின்று பேசவும் இல்லை. அந்த அம்மாவிடம், உங்கள் வீட்டிலிருந்து யார் கடலுக்குப் போகிறார்கள் என்று கேட்டேன். "இப்ப யாரும் இல்ல தாயி. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப நாங்களும் குடுத்தோம்லா" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த அலுவலகமும் போட்டுத் தரவில்லை, எழுதி வைத்த விதியும் கிடையாது, ஆனால் அது தினமும் காலையில் நடக்கிறது. மீனவர்கள் பாவம் என்று வெளியிலிருந்து பேசுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே இருப்பது நன்றாக யோசித்து அமைத்த ஒரு வாழ்க்கை, அதன் கணக்கில் ஆபத்துக்கும் இடம் இருக்கிறது.

சிக்கலும் இதற்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினுக்கும் வலைக்கும் பெரிய பணம் வேண்டும், பலர் அதை வியாபாரிகளிடம் முன்பணமாக வாங்குகிறார்கள். வாங்கிவிட்டால் மீனை அவருக்குத்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான், போதாததற்குக் கமிஷன் வேறு. படகுக்குள் சரி பங்கு, கரையில் அது கிடையாது. மணப்பாடு என்றில்லை, கடற்கரை முழுக்க இதே கதைதான்.

பெண்கள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் மீன் மணலில் இறங்கிய பிறகு பாதி வேலை அவர்களுடையது. விற்பது, கருவாடு போடுவது, வீட்டுக் கடனை யாருக்கு எப்போது அடைப்பது என்று முடிவு செய்வது வரைக்கும். நெத்திலியை உப்புக்கூடப் போடாமல் வெயிலில் பரப்பிக் காய வைக்கிறார்கள். பெரிய மீனாக இருந்தால் கீறிக் குடல் எடுத்து, உப்பில் ஊறவைத்து அப்புறம்தான் வெயில். மழை மேகம் ஒன்று தலைகாட்டினால் தெருவே ஓடிவந்து பக்கத்து வீட்டுக் கருவாட்டையும் சேர்த்து அள்ளுகிறது. பனையோலைக் கூடை, பெட்டி பின்னுவதும் மணப்பாட்டுப் பெண்கள் பேர் போன வேலை, கூட்டுறவுச் சங்கம் வைத்தே செய்கிறார்கள்.

கடலைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். காற்றுக்குப் பேர் வைத்துத்தான் பேசுவார்கள். வடக்கிலிருந்து வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் ஓங்கி அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிப்பாக இருக்கும், பல நாள் படகு இறக்கவே முடியாது. கடலடியில் பாறை இருக்கும் இடத்துக்குப் 'பார்' என்று பேர், மீன் கூடும் இடம் அது. நடுக்கடலில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "கோயிலும் லைட் ஹவுசும் எப்படித் தெரியுதுன்னு பாப்போம். ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு விலகி நிக்குதோ, அதுல இடம் தெரிஞ்சிரும்" என்றார். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் மீன் கூடும் இடத்தையும் கணித்துச் சொல்வது செல்போனுக்கே வருகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கொண்டுபோன பிறகு எச்சரிக்கை வந்தால் யாரும் அலட்சியம் செய்வதில்லை. ஆனாலும் அந்தப் பெரியவர் படகு இறக்கும் முன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே தலையைத் திருப்பிக் காற்றையும் பார்த்துவிடுவாராம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இவர்களுடைய ஃபைபர் படகுகள் எஞ்சின் இருந்தாலும் நாட்டுப்படகுக் கணக்கில்தான் வரும், அவற்றுக்கு அந்தத் தடை இல்லை, அந்த நாட்களில் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும். மற்ற மாதங்களில் மடி எனும் பை போன்ற வலையை இழுத்துப் போகும் விசைப்படகுகள் கரைக்குப் பக்கத்தில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போவதுதான் பெரிய வருத்தம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயர்கிறது.

இன்னொரு கவலை மணல். முகத்துவாரத்துப் பக்கம் மணல் திட்டு போட்டுவிட்டால் படகு வந்துபோக முடியாது. கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் இந்த இடத்தில் மணல் நிற்கும், அடுத்த இடத்தில் அரிக்கும். இதைத் தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள், ஏனென்றால் வேறு வழி இல்லை. பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்றால் அந்த நாளின் பங்கை யார் தருவார்கள்? தினப் பங்கில் வாழும் ஊருக்கு அது நியாயமான கேள்வி. ராக்கெட் ஏவத் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய கேள்வியும்கூட.

சரி, போக நினைப்பவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்று பூசை, யாரும் கடலுக்குப் போவதில்லை. செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டிப் போனால் ஊர் நிறைந்திருக்கும், ஆனால் தொழிலைப் பார்க்க அது சரியான சமயம் இல்லை. வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள், அதன் மேல் கால் வைப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மீன் வேண்டுமானால் கூடை வைத்திருக்கும் அக்காக்களிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல். வெயில் ஏறுவதற்குள் ஏலம் முடிந்துவிடும் என்பதால் முந்தின இரவே திருச்செந்தூரில் தங்கிவிட்டு, விடியற்காலையில் கிளம்புவது நல்லது.