தனுஷ்கோடி மணலில் ராவணன் மீசை

தனுஷ்கோடி போகிற வண்டிகள் பெரும்பாலும் நேராக நிலம் முடிகிற அரிச்சல்முனையில் போய்த்தான் நிற்கின்றன. செடிகளையும் கற்களையும் பார்க்கப் போகிறவர்கள் முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து முனைக்கு ஒன்பதரை கிலோமீட்டர். பார்க்க வேண்டியவற்றில் பெரும்பங்கு இடிந்த பழைய ஊருக்குள்ளும் அதற்கு முன்னாலும் இருக்கிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்கு மழை முடிந்து கொடிகள் பச்சையாக இருக்கும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வாரி அடிக்கிற மணலில் கண்ணைத் திறக்க முடியாது, கேமராவுக்கும் கேடு.

முதலில் கண்ணில் படுவது ராவணன் மீசை என்கிற மணல்மேட்டுப் புல். இலை நுனி ஊசியாகக் குத்தும். ரப்பர் செருப்பு போதாது. தடித்த அடி வைத்த ஷூவும் கணுக்கால் மூடும் உடையும் வேண்டும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் பெரிய முள் உருண்டை. முற்றியதும் ஒடிந்து காற்றில் உருண்டு ஓடும், ஓடுகிற வழியில் விதையை உதிர்க்கும். மணல் மூடினால் இந்தப் புல் சாவதில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே ஏறுகிறது, அதைப் பற்றிக்கொண்டு மணல்மேடும் உயர்கிறது. ஜீப் ஏறி இறங்கிய தடங்களைக் கவனியுங்கள். தண்டு நசுங்கிய இடத்தில் காற்று மணலைத் தோண்டிப் பள்ளமாக்கியிருக்கும். அதனால் மேட்டின் மேல் நடக்காமல் ஓரமாகவே போக வேண்டும்.

கடலை ஒட்டிப் படர்வது அடும்பு. இலை நடுவில் பிளந்து ஆட்டுக் குளம்புபோல இருக்கும். நெய்தல் பாட்டுகளில் வரும் அதே கொடிதான். ஊதாப் பூ காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும், ஆகவே ஏழு மணிக்கே அங்கே இருப்பது நல்லது.

இந்த மணலில் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் எடை குறைந்தது; உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அதிகம் இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். அந்த ஊற்றுகள் மீனவக் குடும்பங்களுடையவை, அவற்றில் கை வைக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். வழியில் நிழலே கிடையாது.

1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர்தான் இங்கே கல் படிக்க மிக நல்ல இடம். பெரும்பாலும் பவளக்கல். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தால் சில கற்களில் குண்டூசித் தலை அளவுக் குழிகள், சிலவற்றில் அகன்ற கட்டங்கள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை. பாறைபோல் உருண்டு திரளும் குண்டுப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஓர் அடிக் கல்லுக்குள் முப்பது வருடம் அடங்கியிருக்கிறது. சுரண்டவோ உடைக்கவோ கூடாது. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது.

பொழுது சாயும் முன் திரும்பிவிட வேண்டும். வருகிற வழியில், மண்டபம் பக்கம், குடை விரித்ததுபோல் தலை தட்டையாக நிற்பது உடை மரம். பக்கத்திலேயே புதராக மண்டியிருப்பது சீமைக்கருவேலம். சந்தேகம் வந்தால் காயைப் பாருங்கள்: உடையின் காய் வளைந்து சுருண்டிருக்கும், மற்றது நீளமாகத் தொங்கும்.